அப்பாவின் கடைசி நைட் ஷிப்ட்டும் ஒரு பாக்கெட் கேமராவும்: இருட்டில் கேண்டிட் படம் எடுக்க எதை வாங்கலாம்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் 28 வருஷம் லேத் ஓட்டியவர் என் அப்பா. அவருடைய கடைசி நைட் ஷிப்ட் அன்று நானும் கூடவே போனேன். கம்பெனிக்கு உள்ளே என்னை விடவில்லை. ஆனால் ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரும் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில்தான் கூடினார்கள். பஜ்ஜிச் சட்டிக்கு மேலே ஒரே ஒரு எல்இடி பல்பு. யாரோ ஏதோ சொன்னார்கள், அப்பா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

போனை எடுத்து அமுக்கினேன். அசையாமல் பிடிக்கச் சொல்லி திரையில் ஒரு வட்டம் சுற்றியது. மூன்று விநாடி. வந்த படத்தில் பஜ்ஜிச் சட்டி பளிச். சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரின் பொடி எழுத்தைக்கூட வாசிக்கலாம். அப்பாவுக்கு மட்டும் இரண்டு வாய், ஒன்றரை மூக்கு. "இன்னொரு வாட்டிப்பா, அப்படியே இருங்க" என்றேன். அப்படியே இருந்தார், ரேஷன் கார்டு போட்டோவில் இருக்கிற மாதிரி.

அதற்குப் பிறகுதான் சின்ன கேமரா தேட ஆரம்பித்தேன். இப்போது ஆபீஸ் நண்பர்கள் அதே கேள்வியோடு வருகிறார்கள்: "பாக்கெட்ல போடுற மாதிரி, நைட்ல நல்லா வர்ற மாதிரி ஒண்ணு சொல்லு." என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய சென்சார், ஜூம் இல்லாத லென்ஸ், நிஜமாகவே பாக்கெட்டில் அடங்கும் உடல். இந்த மூன்றும் உள்ள ஒன்றை வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் எதையும் வாங்காதீர்கள், கையில் இருக்கும் போனில் இரண்டு செட்டிங்கை மாற்றுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் கடைக்காரர் காட்டுகிற பெரும்பாலானவை, இந்த ஒரு வேலையைப் பொறுத்தவரை, காசுக்குக் கேடு.

போன் எங்கே தோற்கிறது?

இன்றைய போன்கள் இருட்டில் மோசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018-ல் கூகுள் பிக்சல் போன்களில் 'நைட் சைட்' வந்த பிறகு கதையே மாறிவிட்டது. ஒரு படத்துக்குப் பதில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸைக் கழித்துவிடுகிறது மென்பொருள். மற்ற கம்பெனிகளும் இதே வழிக்கு வந்துவிட்டன. திருமுல்லைவாயல் கோயில் கோபுரத்தை ராத்திரி எடுக்க வேண்டுமா? போனே போதும். கோபுரம் நகராது.

மனிதர்கள் நகர்வார்கள். அடுக்க வேண்டிய பத்துப் படங்களில் பத்து விதமாக முகம் இருந்தால் மென்பொருள் என்ன செய்யும்? ஒன்று, முகத்தைக் குழப்பிவிடும். அல்லது, அசைந்த பகுதிக்கு ஒரே ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் இருக்கும் நாய்ஸை மெழுகு பூசியதுபோல் வழித்துவிடும். நம் ஆட்களின் முகத்தில் இருக்கும் சுருக்கம், அம்மைத் தழும்பு, நரை மீசை எல்லாம் அந்த மெழுகில் போய்விடும்.

ஆக, இங்கே பிரச்சினை வெளிச்சம் மட்டுமில்லை, ஷட்டர் வேகம். பேசிச் சிரிக்கிற முகத்தையும் மெதுவாக நடக்கிறவரையும் உறையவைக்க, ஒரு விநாடியில் 100-ல் ஒரு பங்கு அல்லது 125-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் படம் முடிந்துவிட வேண்டும். பிளாட்பாரத்தில் ஓடுகிறவருக்கு அதுவும் போதாது.

இதே இடத்தில் ஒரு மூடநம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். "சார், இதுல ஸ்டெபிலைசேஷன் இருக்கு, நைட்ல பிரச்சினையே வராது." கடையில் நான் கேட்ட வாக்கியம் இது. ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுங்குவதைத்தான் சரிசெய்யும். எதிரே இருப்பவர் தலையை ஆட்டினால் அதற்கு அது பொறுப்பல்ல. அசையாத தெருவை எடுக்க அது வரம், சிரிக்கிற அப்பாவை எடுக்க அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

எவ்வளவு இருட்டு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் 125-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பாடி பக்கம் பெரிய கடைகளின் பளீர் வெளிச்சத்துக்கு முன்னால் ஐஎஸ்ஓ 800 போதும். ஒற்றை பல்பு டீக்கடையில் 3200 வேண்டும். அங்கிருந்து சந்துக்குள் திரும்பி, தெருவிளக்குக்குச் சற்றுத் தள்ளி நின்றால் 6400, 12,800 என்று ஏறிவிடும். ஐஎஸ்ஓ ஏற ஏறப் படம் பொரிப் பொரியாகும். எந்தக் கேமரா இந்த 3200-யும் 6400-யும் தாங்கும் என்பதுதான் உண்மையான கேள்வி. மெகாபிக்சலைப் பற்றி இதில் பேச்சே இல்லை.

சென்சார் கணக்கு: கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்

எந்த விளம்பரமும் இந்தக் கணக்கை உங்களுக்குப் போட்டுக் காட்டாது. படத்துக்குள் வரும் மொத்த வெளிச்சம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, சென்சாரின் பரப்பளவு. இரண்டு, லென்ஸின் திறப்பு. கூரையில் விழுகிற மழையைப் பிடிப்பது போலத்தான்: அண்டா எவ்வளவு அகலம், மழை எவ்வளவு வேகம், இரண்டும் வேண்டும்.

பரப்பளவு தோராயமாக இப்படி வரும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சாதாரண டிஜிட்டல் கேமராவின் சென்சார் 28 சதுர மில்லிமீட்டர். இன்றைய நல்ல போனின் முதன்மை கேமரா சுமார் 70. 'ஒரு இன்ச்' சென்சார் என்று சொல்லப்படுவது 116. (பெயர்தான் ஒரு இன்ச், குறுக்களவு 16 மில்லிமீட்டர்தான் வரும். பழைய டிவி கேமரா குழாய்களின் அளவுமுறையை இன்னும் பிடித்துத் தொங்குகிறார்கள்.) ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 366.

இதோடு லென்ஸ் திறப்பையும் சேர்த்துக் கணக்குப் போடுவோம். எஃப் 1.7 லென்ஸ் உள்ள போன் பிடிக்கும் வெளிச்சத்தை 1 என்று வைத்தால், எஃப் 1.8 லென்ஸ் உள்ள ஒரு இன்ச் பாக்கெட் கேமரா பிடிப்பது 1.4 மட்டும். எஃப் 2.8 லென்ஸ் உள்ள ஏபிஎஸ்-சி கேமரா, அதாவது ரிக்கோ ஜிஆர், கிட்டத்தட்ட 1.9. எஃப் 2 லென்ஸ் உள்ள ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை 3.7.

அதிர்ச்சி அடுத்து வருகிறது. 2019-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 அருமையான கேமரா. 24-லிருந்து 200 எம்எம் வரை ஜூம், மின்னல் வேக ஃபோகஸ். ஆனால் அந்த நீள ஜூமுக்காக லென்ஸ் எஃப் 2.8-ல் தொடங்கி 4.5-ல் முடிகிறது. நம் கணக்கில் அது 0.6. அதாவது போனைவிடக் குறைவு. பகலில் கிரிக்கெட் மேட்சுக்கோ கல்யாண மண்டபத்துக்கோ எடுத்துப் போங்கள், டீக்கடைக்கு வேண்டாம். அதே வரிசையில் 2014-ல் வந்த மார்க் 3-ன் லென்ஸ் எஃப் 1.8 முதல் 2.8 வரை. இருட்டு வேலைக்குப் பழையதுதான் மேல்!

இப்போது இன்ஸ்டாவில் ஓடும் 'சிசிடி' மோகத்துக்கும் இதே அளவுகோல்தான். மாமா வீட்டு அலமாரியில் கிடந்த 2008 மாடல் கேமராவை எடுத்து ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பது ஜாலியான விஷயம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் நம் கணக்கில் அது 0.14. ஃபிளாஷ் இல்லாமல் ராத்திரியில் அதனால் ஒன்றும் ஆகாது. ஃபிளாஷ் அடித்த அந்த நொடியே கேண்டிட் செத்துவிட்டது. 'வின்டேஜ்' என்று பேர் வைத்து அதையே ஆன்லைனில் பல ஆயிரத்துக்கு விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

ஒரு இன்ச் சென்சார் உள்ள போன்களும் வந்துவிட்டன என்பதை மறக்கக் கூடாது. ஷாவ்மி 13 ப்ரோ 2023-லும், விவோ எக்ஸ்100 ப்ரோ 2024-லும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. அப்படி ஒன்று உங்கள் கையில் இருந்தால், வெளிச்சத்துக்காக மட்டும் ஒரு இன்ச் பாக்கெட் கேமரா வாங்குவதில் அர்த்தமே இல்லை.

"அப்போ ஜிஆர் வாங்கினாலும் போனைவிட ரெண்டு மடங்குதானே? அதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெளிச்சத்துக்காக மட்டும் என்றால் நானும் வாங்கியிருக்க மாட்டேன்.

ஃபோகஸ் தேடாத கேமரா

கேண்டிட் கேமரா என்ற சொல்லே ஒரு ஜெர்மானியரைப் பற்றிப் பேசப் பிறந்தது என்பார்கள். எரிக் சாலமன். படித்தது சட்டம். டிரெஸ்டனில் எர்னமான் கம்பெனி 1924-ல் கொண்டுவந்த எர்மனாக்ஸ் என்ற சின்ன கேமராவைத் தூக்கிக்கொண்டு, படம் எடுக்கத் தடையிருந்த நீதிமன்றங்களுக்குள்ளும், ராஜதந்திரிகள் நள்ளிரவில் சோபாவில் சாய்ந்து பேசும் அறைகளுக்குள்ளும் நுழைந்தார். ஃபிளாஷ் கிடையாது. அந்தக் காலத்துக்கு நம்பவே முடியாத அளவு பெரிய திறப்புள்ள லென்ஸ், கண்ணாடித் தட்டில் ஒவ்வொன்றாகப் படம். யூதரான அவர் 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அவர் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். அமைச்சர்கள் கொட்டாவி விடுகிறார்கள், காதைச் சொறிகிறார்கள். நூறு வருஷம் ஆகப்போகிறது, அவர் செய்த தேர்வுதான் இன்றும் சரி: சின்ன உடல், பெரிய திறப்பு, ஜூம் இல்லை.

அந்த வழியில் இன்று நிற்பது ரிக்கோ ஜிஆர். 1996-ல் ஃபிலிம் கேமராவாகத் தொடங்கிய வரிசை. டோக்கியோ தெருக்களைப் பொரிப் பொரியான கறுப்பு வெள்ளையில் எடுத்த டைடோ மொரியாமா பல வருஷமாகக் கையில் வைத்திருந்தது இந்த வரிசையைத்தான். 2019-ல் வந்த ஜிஆர் 3-ன் எடை, பேட்டரி கார்டோடு சேர்த்து, 257 கிராம். பல போன்களைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சட்டைப் பையில் போடலாம்.

இதில் என்னைக் கவிழ்த்தது 'ஸ்னாப் ஃபோகஸ்' என்ற ஒரு வசதி. இருட்டில் எல்லாக் கேமராவும் ஃபோகஸுக்குத் தடுமாறும். லென்ஸ் முன்னும் பின்னும் போய் வந்து, பச்சை விளக்கு ஒன்றை எதிராளி முகத்தில் அடித்து, பிறகுதான் க்ளிக். (கேமரா வாங்கியதும் முதல் வேலையாக அந்த விளக்கை ஆஃப் செய்யுங்கள்.) ஸ்னாப் ஃபோகஸில் தேடலே கிடையாது. 2 மீட்டர் என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டால், பட்டனை ஒரே அமுக்காக அமுக்கியதும் 2 மீட்டர் தூரத்துக்குப் படம் விழும். ஜிஆர் 3-ன் 28 எம்எம் பார்வையில், எஃப் 2.8-லேயே, ஏறத்தாழ ஒன்றரை மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரை இருப்பவர்கள் தெளிவாக இருப்பார்கள். டீக்கடை பெஞ்சின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவில் உள்ள தூரம் அதுதான்.

2021-ல் வந்த ஜிஆர் 3எக்ஸின் பார்வை 40 எம்எம். முகத்துக்கு அழகான லென்ஸ், மறுப்பில்லை. ஆனால் அதே 2 மீட்டருக்கு அதில் தெளிவு 1.7 முதல் 2.4 மீட்டர் வரைதான். கொஞ்சம் தூரம் தப்பினால் போச்சு. இருட்டில் தூரத்தைக் கண்ணால் அளந்து எடுப்பவருக்கு 28 எம்எம்தான் என் பரிந்துரை. அதிலும் ஆவடி லோக்கலின் சாயங்கால நெரிசலில், எதிர் சீட்காரர் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும்போது, 40 எம்எம்மில் அவர் மூக்குதான் விழும்.

2025 செப்டம்பரில் ஜிஆர் 4 வந்தது. அதே 28 எம்எம், அதே எஃப் 2.8. புது லென்ஸ், புது சென்சார், 53 ஜிபி உள் நினைவகம், மேம்பட்ட ஸ்டெபிலைசேஷன். வந்தபோது அமெரிக்க விலை சுமார் 1,500 டாலர். ஜிஆர் 3 வந்தபோது 899 டாலர். வித்தியாசத்துக்கு ஏற்ற அளவு படம் மாறிவிட்டதா? பெரிதாக இல்லை என்பது என் எண்ணம். நல்ல நிலையில் உள்ள பழைய ஜிஆர் 3 கிடைத்தால் அதையே எடுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஜிஆர் 3-ல் ஃபிளாஷ் இல்லை. பேட்டரி சுமார் 200 படத்தில் மூச்சு வாங்கும், இரண்டாவது பேட்டரி கட்டாயம். தூசிக்கும் மழைக்கும் எந்தப் பாதுகாப்பும் இல்லை. லென்ஸ் உள்ளே போய் வெளியே வரும்போது தூசியையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, உலகம் முழுக்க ஜிஆர்காரர்களின் பொதுப் புலம்பல் இது. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு மாசம் பாக்கெட்டில் போட்டுச் சுற்றினால் உங்களுக்கே புரியும். ஒரு சின்ன துணிப்பை அல்லது ஜிப்லாக் கவர் போதும். அது இல்லாமல் பாக்கெட்டில் பஞ்சும் சில்லறையுமாகப் போடாதீர்கள். கேனான், சோனி மாதிரி கூப்பிடு தூரத்தில் சர்வீஸ் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

எக்ஸ்100 பற்றி? 2024-ல் வந்த ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100-6 வெளிச்சத்தில் ஜிஆரைவிட இரு மடங்கு. வ்யூஃபைண்டர் உண்டு, கூடவே ஃபிளாஷும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் 521 கிராம். ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டால் பெல்ட்டை இறுக்க வேண்டியிருக்கும். கழுத்தில்தான் மாட்டுவீர்கள், கழுத்தில் கேமரா மாட்டியவரைப் பார்த்ததும் தெருவே நிமிர்ந்து உட்காரும். பாக்கெட் என்ற நிபந்தனையை விட்டுக்கொடுக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல கேமரா இல்லை. எனக்கு அந்த நிபந்தனைதான் முதல்.

பட்ஜெட் கம்மி என்றால் செகண்ட் ஹேண்டில் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 அல்லது 2016-ல் வந்த கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2. இரண்டுக்கும் லென்ஸ் எஃப் 1.8-ல் தொடங்குகிறது. ஒரு சத்தியம் செய்துகொண்டு வாங்குங்கள்: ராத்திரியில் ஜூம் லீவரைத் தொட மாட்டேன். தொட்டால் 1.8 போய்விடும், வாங்கியதன் பலனும் கூடவே போய்விடும். ஜி7எக்ஸ் வரிசை ரீல்ஸ் புண்ணியத்தில் விலை ஏறிக் கிடக்கிறது, அவசரப்படாமல் தேடுங்கள்.

எல்இடி பல்பு செய்யும் சேட்டை

நம்மூர் கரன்ட் விநாடிக்கு 50 சுற்று. மலிவான எல்இடி பல்பும் பழைய டியூப்லைட்டும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன, கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை 250, 500 என்று வேகமாக வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் மங்கலாகவும் வரும். போனிலும், 'சைலன்ட்' ஷட்டர் போட்ட கேமராக்களிலும் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகளே விழும். அதனால் டீக்கடை, பரோட்டாக் கடை, பிளாட்பாரம், எங்கே போனாலும் ஷட்டரை 100-ல் ஒரு பங்கில் பூட்டிவிடுங்கள். ஒரு துடிப்பு முழுசாகப் படத்துக்குள் வந்துவிடும், முகமும் உறையும். யூடியூபில் அமெரிக்கக்காரர் 120 என்று சொல்வார். அவர் ஊர் கரன்ட் 60 சுற்று, அவருக்கு அது சரி.

ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு மேல் வரம்பு 6400 வையுங்கள். 'ரா' ஃபார்மட்டில் எடுங்கள். லைட்ரூமில் 2023-ல் ஏஐ டீநாய்ஸ் வந்த பிறகு 6400 படத்தைக்கூடத் தேற்றிவிடலாம். ஆனால் முழுசாக வழிக்காதீர்கள், கொஞ்சம் பொரி இருக்கட்டும். முழுசாக வழித்தால் போன் படம் மாதிரியே வரும், அப்புறம் எதற்குக் கேமரா?

ஆவடியில் கேமராவை எங்கே எடுக்கக் கூடாது?

போனைத் தூக்கினால் யாரும் கேட்பதில்லை, கேமராவைத் தூக்கினால் கேட்கிறார்கள். அபத்தம்தான், ஆனால் நிஜம். ஆவடியில் அது அபத்தம் மட்டுமில்லை. 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலை, இன்ஜின் ஃபேக்டரி, சிவிஆர்டிஇ, விமானப்படை நிலையம், சிஆர்பிஎஃப் என்று ஊரில் பாதி மதில் சுவர்தான். 1923-ன் அலுவல் ரகசியச் சட்டம் 'தடை செய்யப்பட்ட இடம்' என்று சொல்லும் வகையில் இவை வரும். ஷிப்ட் முடிந்து சைக்கிளும் பைக்கும் கூட்டமாக வெளியே வரும் காட்சி மனசை இழுக்கும், எனக்கும் இழுத்தது. கேட்டை நோக்கிக் கேமராவைத் தூக்காதீர்கள். தள்ளி, மார்க்கெட் பக்கம் வந்து அதே ஆட்களை டீ குடிக்கும்போது எடுங்கள். ரயில் நிலையத்திலும் ஆர்பிஎஃப் வந்து கேட்டால் படத்தைக் காட்டி, மரியாதையாகப் பேசி நகர்ந்துவிடுவது நல்லது.

அதைவிடப் பெரிய விஷயம் பெண்கள். கடைசி லோக்கலில் வேலை முடிந்து வரும் பெண் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறார், பக்கவாட்டில் ஸ்டேஷன் வெளிச்சம். அருமையான படம்தான். எடுக்காதீர்கள் என்பது என் கட்சி. பெண்களின் அந்தரங்கச் செயல்களைப் படமெடுப்பதைக் குற்றமாக்குகிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு. ரயிலில் தூங்குவது அந்தப் பிரிவுக்குள் வராது என்று சட்டம் தெரிந்தவர் வாதாடலாம். வாதாடட்டும். விழித்து எழுந்து, எதிரே கறுப்பாக ஒரு லென்ஸைப் பார்க்கிறவருக்கு அந்தப் பிரிவெல்லாம் தெரிய வேண்டியதில்லை. நாளையிலிருந்து அவர் அந்தப் பெட்டியில் தூங்க மாட்டார்.

சின்ன கேமரா யாருக்கும் தெரியாமல் எடுக்க உதவும் என்றுதான் பலரும் அதை வாங்குகிறார்கள். என் அனுபவம் நேர் எதிர். 28 எம்எம்மில் ஒரு முகம் உருப்படியாக வர வேண்டுமென்றால் ஒன்றரை மீட்டர் கிட்டே போக வேண்டும். அவ்வளவு கிட்டே போய் ஒளிய முடியாது. அதனால் முதல் நாள் டீ குடித்தேன், இரண்டாம் நாள் கேமராவை மேஜையில் வைத்துவிட்டு டீ குடித்தேன். மூன்றாம் நாள் மாஸ்டரே "என்னா தம்பி, இன்னிக்கு எடுக்கலியா?" என்றார். அதற்கப்புறம் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எனக்குத் தெரிந்து கேண்டிட் என்றால் அதுதான்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும் முன்

கடையின் ஷோகேஸ் வெளிச்சத்தில் சோதித்துப் பார்த்தால் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான். கவுன்டருக்குக் கீழே, மேஜை நிழலில் ஒரு படம் எடுங்கள். ஷட்டர் 100, ஐஎஸ்ஓ 3200. உங்கள் போனில் அதே இடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பிறகு திறப்பை எஃப் 16-க்குக் குறைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம். சென்சாரில் தூசி இருந்தால் சாம்பல் நிறப் பொட்டுகளாகத் தெரியும். ஜூம் கேமராக்களில் இந்த எண் 11 வரைதான் போகும், அதுவே போதும். போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது ஃபங்கஸ், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது வளரத்தான் செய்யும். உங்களுடையதையும் மழைக்காலத்தில் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பா, நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம், செலவு நூறு இருநூறு ரூபாய்தான்.

ஆன்லைன் குழு ஒன்றில் பேரம் பேசி, முன்பணம் அனுப்பி, காயலான் கடைக்குப் போக வேண்டிய ஒரு கேமராவை நான் வாங்கிய கதை தனி. நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். இன்னும் நல்லது, ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது. சென்னையில் கேமரா வாடகைக்குக் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரெண்டு ராத்திரியில் தெரிந்துவிடும், இது உங்கள் கையில் தங்குமா, அலமாரியில் தங்குமா என்று.

எதுவும் வாங்கப் போவதில்லை என்றால் இன்றைக்கே செய்யக்கூடியது இது. ஐபோனில் நைட் மோட் நிலா ஐகானைத் தொட்டு ஆஃப் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் ப்ரோ மோட் இருந்தால் ஷட்டரை 100-ல் ஒரு பங்காக வைத்து ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். முதன்மை கேமராவை மட்டும் பயன்படுத்துங்கள், 2 எக்ஸ், 3 எக்ஸ் பக்கம் போகாதீர்கள். படம் பொரியும், கொஞ்சம் இருட்டாகவும் இருக்கும். ஆனால் ஆளுக்கு ஒரு வாய்தான் இருக்கும்.

அப்பா ரிட்டயர் ஆகிப் பல மாசம் ஆகிறது. இப்போதும் வாரத்துக்கு ஒரு நாள் அந்த டீக்கடைக்குப் போகிறார், பழைய ஷிப்ட் ஆட்களைப் பார்க்க. போன மாசம் நானும் போனேன். ஸ்னாப் 2 மீட்டர், ஷட்டர் 100, ஐஎஸ்ஓ 3200. வெல்டிங் மாமா கை நீட்டி ஏதோ கதை சொல்ல, அப்பா டம்ளரைப் பாதியில் நிறுத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். தலை இந்த முறை பின்னால் சாயவில்லை, வேறு மாதிரி சிரிப்பு. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"என்னடா இது, பொரிப் பொரியா இருக்கு?"

கொஞ்ச நேரம் கழித்து, "நாலு காப்பி போடு. மாஸ்டருக்கும் ஒண்ணு" என்றார்.